சீட்டை ஏற்றி இறக்கக் கட்டணமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

இளைஞர்களுக்கான புதிய தொழில்கள் வரிசையில் சைக்கிள் ஃபிட்டிங் நிலையத்தையும் சேர்த்து எழுதியிருந்தீர்கள். வேளச்சேரியில் சைக்கிள் கடை நடத்துபவன் என்ற முறையில் சொல்கிறேன்: வேலை நல்ல வேலைதான். ஆனால், அதை மட்டும் நம்பினால் கடை வாடகை தேறாது.

ஃபிட்டிங் என்றால் சீட் உயரம், ஹேண்டில்பார் தூரம், ஷூவைப் பெடலோடு பிணைக்க அதன் அடியில் இருக்கும் க்ளீட் என எல்லாவற்றையும் ஓட்டுபவரின் உடம்புக்கு ஏற்ப அமைக்க வேண்டும். ஒழுங்காகச் செய்தால் இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். விடியற்காலையில் ஈசிஆரில் மாமல்லபுரம் வரை மிதிக்கிறவர்கள்தான் இதற்கு வருவார்கள். மற்றவர்களுக்கு இது பஞ்சர் ஒட்டும்போது சும்மா செய்து தருகிற வேலை. 'ஸ்பேனரைக் கொடுங்கண்ணே, நானே ஏத்திக்கிறேன்' என்பார்கள்.

சமீபத்தில் ஐடி ஊழியர் ஒருவர், முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது என்று வந்தார். லட்ச ரூபாய்க்கு மேல் போகும் கார்பன் சைக்கிள். சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் டிரெய்னர் ஸ்டாண்டில் மாட்டி மிதிக்கவிட்டேன். பெடல் கீழே வந்த பிறகும் கால் நன்றாக மடங்கியே இருந்தது. பாகைமானி வைத்தால், நேராக நீட்டிய நிலையிலிருந்து முழங்கால் மடங்கியிருந்தது 45 டிகிரி; 25-லிருந்து 35-க்குள் இருக்க வேண்டும். சீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, இடுப்பு இரண்டு பக்கமும் ஆட ஆரம்பிக்கும் முன் நிறுத்தினேன். மனிதருக்கு ஒரே சந்தோஷம். கட்டணத்தைச் சொன்னதும் முகம் மாறியது வேறு கதை.

வலி போனவர் திரும்பி வர மாட்டார் என்பதுதான் இந்தத் தொழிலின் சிக்கல். டயரும் செயினும் தேயும், சர்வீஸுக்கு வருவார். ஃபிட்டிங்குக்கோ அடுத்த சைக்கிள் வாங்கினால்தான். அமெரிக்காவில் 3டி கேமரா ஃபிட்டிங்கில் பெயர் எடுத்த ரெட்டூல் நிறுவனத்தையே 2012-ல் ஸ்பெஷலைஸ்டு என்ற சைக்கிள் நிறுவனம் வாங்கிக்கொண்டது. அங்கேயும் ஃபிட்டிங், சைக்கிள் விற்பனையை ஒட்டித்தான் நிற்கிறது.

ஆகவே தம்பிகள் முதலில் ஓடிக்கொண்டிருக்கும் கடையிலோ, பிசியோதெரபி கிளினிக்கிலோ ஒரு மூலை கேட்டு வாங்கட்டும். டிரெய்னர், பாகைமானி, நேர் பார்க்க ஒரு கொத்தனார் தூக்குக்குண்டு போதும். கட்டணத்தைப் பலகையில் எழுதி வையுங்கள். புது சைக்கிளோ சீட்டோ வாங்கினால் அதில் கழித்துக்கொள்ளுங்கள். கேமராவுக்கு வங்கிக் கடன் கேட்பதை, மாதாமாதம் புது ஆட்கள் வரத் தொடங்கிய பிறகு யோசிக்கலாம்.

இப்படிக்கு,
சைக்கிள் கடைக்காரர்,
வேளச்சேரி, சென்னை.