எங்கே வேலை பார்த்தாலும் ஒன்றுதானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பல்கலைக்கழக ஆசிரியர்களின் பணித்திருப்தி பற்றிய உங்கள் சென்ற வாரக் கட்டுரையில், பாடத்தின் மேல் ஆசையும் போதிய சம்பளமும் உள்ளவருக்கு எங்கே வேலை கிடைத்தாலும் ஒன்றுதான் என்று ஒரு வரி வந்திருந்தது. பல வருட வாசகி நான். அந்த வரி என்னைப் புண்படுத்திவிட்டது.

19 ஆண்டுகளாகக் கற்பிக்கிறேன், அதில் 11 ஆண்டுகள் கிளை வளாகத்தில். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். வகுப்பில் நான் சலித்ததே இல்லை. ஆனால் இரவு விடைத்தாள் கட்டைப் பிரிக்கும்போது கண் செருகிவிடும். அப்புறம் எங்கே ஆய்வுக் கட்டுரை எழுதுவது? பதவி உயர்வு நேர்காணலில், ஏன் இவ்வளவு குறைவாக எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஆய்வகத்துக்கு இரண்டு நிமிடத்தில் நடந்து போகிறவருக்கும் எனக்கும் ஒரே அளவுகோல்!

என்னிடம் சேர்ந்த ஆய்வு மாணவி, கருவிகள் எல்லாம் தலைமை வளாகத்தில்தான் இருக்கின்றன என்று ஒரே ஆண்டில் வேறு வழிகாட்டியிடம் போய்விட்டார். அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். இடமாற்றம் கேட்டு மூன்று முறை எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை.

பணித்திருப்தியை ஆராய்ந்த உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க் 1959இல் சொன்னது உங்களுக்குத் தெரிந்ததுதான்: சம்பளமும் சூழலும் சரியில்லாவிட்டால் அதிருப்தி வரும், ஆனால் திருப்தி தருவது சாதனையும் அங்கீகாரமும். உங்கள் கட்டுரையாளர் தூரத்தை வெறும் சூழல் என்று ஒதுக்கிவிட்டார். எங்களுக்கு அந்தத் தூரம்தான் அங்கீகாரத்தையே பறிக்கிறது. மேசைகளுக்கு நடுவே சில பத்து மீட்டர் கூடினாலே சக பணியாளர்களின் பேச்சு குறைந்துவிடுகிறது என்று அமெரிக்க ஆய்வாளர் தாமஸ் ஆலன் 1977இலேயே காட்டினார். நாங்களோ வேறு வளாகத்தில் இருக்கிறோம். பாடத்திட்டம் மாறியதே சுற்றறிக்கை வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும்.

ஒதுக்குப்புறத்தில் வேலை பார்க்கும் பள்ளி ஆசிரியர்களுக்கு வீடும் சிரமப்படியும் தரவேண்டும் என்று யுனெஸ்கோவும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 1966லேயே பரிந்துரைத்தன. சரி, எங்களுக்கு வீடு வேண்டாம். வளாகங்களுக்கு இடையே ஒரு வண்டி விடுங்கள் என்று கேட்டதற்கே, நீங்கள் விரும்பிச் சேர்ந்த வேலைதானே என்றார்கள். உங்கள் கட்டுரையின் அந்த வரியில் அதே குரல்தான் எனக்குக் கேட்டது.

அடுத்த முறை ஆசிரியர்களைப் பற்றி எழுதும்போது, கிளை வளாகத்தில் இருக்கும் ஒருவரிடமாவது பேசிவிட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கிளை வளாக ஆசிரியை