அப்புச்சியும் அம்மாயியும் உன்னைப் பார்க்க வருகிறார்கள்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய அட்டவணையைப் பார்த்தேன். சனிக்கிழமை மெரினா, கபாலீஸ்வரர் கோயில், சாயங்காலம் மால். ஞாயிற்றுக்கிழமை வண்டலூர், அங்கிருந்து மாமல்லபுரம். எண்பதை நெருங்குகிற நம் தாத்தா பாட்டி இரண்டு பேருக்காக உட்கார்ந்து இவ்வளவு யோசித்திருக்கிறாயே என்று மனசு நிறைந்துபோனது. ஆனாலும் அதில் பாதியை அடித்துவிடு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். துரைப்பாக்கத்திலும் பெருங்குடியிலும் உன்னை மாதிரி வேலை பார்க்கிற பிள்ளைகள் நிறையப் பேர் வீட்டுக்கு இப்படிப் பெரியவர்கள் வருகிறார்கள். அதனால் எல்லோரும் படிக்கிற இடத்திலேயே எழுதிவிட்டேன்.

அவர்கள் வருவது உன்னைப் பார்க்க. எங்கே தூங்குகிறாய், வேளாவேளைக்கு என்ன சாப்பிடுகிறாய், உடம்புக்கு முடியாமல் போனால் கதவைத் தட்ட யார் இருக்கிறார்கள், இதெல்லாம் தெரிந்துவிட்டால் ஊருக்குப் போய் நிம்மதியாக இருப்பார்கள். நான் வேளச்சேரியில் இருந்தபோது வந்துவிட்டுப் போனவர்கள், சுற்றிப் பார்த்த இடங்களைப் பற்றி ஊரில் அதிகம் பேசவில்லை. எங்கள் தெருவில் கீரை விற்ற அக்காவைப் பற்றியும், அயர்ன் வண்டிக்காரர் மகள் நர்சிங் படிப்பதைப் பற்றியும்தான் அம்மாயி வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதலில் டிக்கெட். பஸ் வேண்டாம். நம்ம பக்கத்துப் பஸ்களெல்லாம் 2024 தொடக்கத்திலிருந்து ஊருக்கு வெளியே கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டோடு நின்றுவிடுகின்றன. ராத்திரி முழுக்க உட்கார்ந்து வந்தவர்களை அங்கிருந்து இன்னொரு வண்டி ஏற்றி அலைக்கழிக்க வேண்டாம். கரூரில் ராத்திரி ரயில் ஏறினால் விடியற்காலை சென்ட்ரல். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சோடு போய்விட்டது, ஆனால் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு இன்னும் இருக்கிறது. ஒரு டிக்கெட்டில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தால்தான் அது கிடைக்கும். துணைக்கு வருகிற மாமா பெயரையும் அதிலேயே சேர்த்துவிடாதே, அவருக்குத் தனியாகப் போடு. திரும்பும் டிக்கெட்டையும் கையோடு எடுத்து, தேதியை அப்புச்சியிடம் சொல்லிவிடு. இது ரொம்ப முக்கியம். மாட்டை யார் கறக்கிறார்கள், முருங்கைக்கு யார் தண்ணீர் விடுகிறார்கள் என்ற நினைப்பு அவருக்கு ஓடிக்கொண்டே இருக்கும். போகிற நாள் தெரிந்துவிட்டால் இருக்கிற நாளை நிம்மதியாக இருப்பார். தேதி தெரியாவிட்டால் மூன்றாம் நாளே பையைக் கட்டி வைத்துவிடுவார்.

அப்புறம் வீடு. நீ படுக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் பிந்தி அவர்கள் எழுந்துவிடுவார்கள். நாலு மணிக்கு விழித்து, உன் தூக்கம் கெட்டுவிடக்கூடாது என்று இருட்டில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். அப்படி உட்கார வைக்காதே. முதல் நாளே கதவுப் பூட்டைத் திறந்து மூடக் காட்டு, ஒரு சாவியைக் கையில் கொடு, அடுப்பைப் பற்றவைக்கக் காட்டிக்கொடு, காபித்தூள் இருக்கிற இடத்தைச் சொல். பாத்ரூம் தரையில் வழுக்காத ரப்பர் விரிப்பு, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, ராத்திரி முழுக்க எரிய ஒரு சின்ன பல்பு. வாட்ச்மேனிடம் இரண்டு பேரையும் நேரில் அழைத்துப் போய் அறிமுகப்படுத்து. காலை நடைக்குப் போய்விட்டு வரும் அப்புச்சியை, "எந்த ஃபிளாட்? போன்ல அப்ரூவ் பண்ணச் சொல்லுங்க" என்று கேட்டில் நிறுத்தினால், மறுநாளிலிருந்து அவர் வாசல்படி தாண்டமாட்டார். மானஸ்தர் அவர், உனக்கே தெரியும்.

அம்மாயி கொண்டுவருகிற மூட்டையைப் பார்த்து, "இதெல்லாம் இங்கேயே கிடைக்குமே" என்று மட்டும் சொல்லிவிடாதே. கொள்ளு, நாட்டுச் சர்க்கரை, நெய், தேங்காய், அநேகமாகச் சந்தகை (நம்ம ஊர்ச் சேவை) பிழிகிற நாழியும் வரும். சமையலறையை அவரிடம் விட்டுவிடு. உன் அறைத்தோழர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்து அரிசியும்பருப்பும் சாப்பாடு போடட்டும். யாரோடு இருக்கிறாய் என்று அம்மாயி தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி கிடையாது. "நீங்க சும்மா ரெஸ்ட் எடுங்க" என்று நாம் பாசத்தில்தான் சொல்கிறோம். வாழ்நாள் முழுக்கப் பாடுபட்ட மனுஷிக்கு ஒன்பதாவது மாடியில் அது தண்டனை.

அட்டவணையில் இல்லாத ஓர் இடத்தைச் சேர்க்கச் சொல்கிறேன். கோயம்பேடு. பஸ் ஸ்டாண்டு இல்லை, 1996ல் திறந்த காய்கறி மார்க்கெட். விடியும் முன்னே கூட்டிப் போ. நான் கூட்டிப் போனபோது அப்புச்சி முருங்கைக்காய்க் கடை முன்னால் நின்றுவிட்டார். ஒரு காயை எடுத்து லேசாக முறுக்கிப் பார்த்து, "இது எந்த ஊர்க் காய்ங்க?" என்று கேட்டார். "மூலனூர்ப் பக்கம் பெரியவரே" என்றார் கடைக்காரர். அப்புச்சி முகத்தை அன்றைக்கு நீ பார்த்திருக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் காய் வந்து கொட்டும்போது கிலோ அஞ்சு ரூபாய்க்குக்கூட ஆள் இல்லாமல் மரத்திலேயே விட்டுவைப்பதையும், கார்த்திகை, மார்கழியில் நூறு ரூபாயைத் தாண்டும்போது மரத்தில் காயே இல்லாமல் போவதையும் ஆயுள் முழுக்கப் பார்த்தவர். ஊர் மண்டியோடு அவருக்குத் தெரிந்த கணக்கு முடிந்துவிடும். அதற்கு மேல் ஏற்றுக்கூலி, லாரி வாடகை, இறக்குக்கூலி, கமிஷன் என்று ஒவ்வொன்றாகக் கடைக்காரரிடம் கேட்டு விரல் விட்டு எண்ணினார். கடைக்காரரும் அந்த வியாபார நெருக்கடியிலும் மரியாதையாகப் பதில் சொன்னார். வீடு வந்து சேரும்வரை அப்புச்சி அதைப் பற்றியே பேசினார். சென்னையில் அவருக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தோன்றியது என்று நினைக்கிறேன்.

தண்ணீரைப் பற்றிக் கேட்பார், தயாராக இரு. லாரித் தண்ணீரும் கேன் தண்ணீரும் வாங்குவதைப் பார்த்துவிட்டு என்னிடம், "இத்தன மழ பேஞ்சும் தண்ணியக் காசு குடுத்து வாங்கறீங்களா கண்ணு?" என்று கேட்டார். சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் பெய்கிறது. நம் ஊர்க்காரர்கள் கனவில்கூடக் காணாத மழை. உன் வீட்டிலிருந்து ரேடியல் ரோடு வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் போ. தை, மாசியில் வெளியூர்ப் பறவைகள் இறங்கியிருக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரைக் கூட்டமே கண்ணில் படும். அதற்குப் பக்கத்திலேயே பெருங்குடிக் குப்பைமேடும், சுற்றிலும் கட்டடங்களும். மழைத் தண்ணீர் போய்த் தேங்க வேண்டிய இடம் எப்படிச் சுருங்கியது என்பது அவருக்கு ஒரே பார்வையில் புரிந்துவிடும். அந்தச் சதுப்புநிலத்துக்கு 2022ல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்குக் கொடுக்கிற ராம்சார் அங்கீகாரம் கிடைத்ததையும் சொல், சந்தோஷப்படுவார். மாமல்லபுரம் போவதாக இருந்தால் வழியில் நெம்மேலியைக் காட்டு. கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக மாற்றுகிற ஆலை 2013லிருந்து அங்கே ஓடுகிறது. உன் பேட்டையும் அந்தத் தண்ணீரை எதிர்பார்த்திருக்கிற பகுதிதான். வாய்க்கால் முறைக்காக ராத்திரியெல்லாம் மடையில் காத்துக்கிடந்த மனுஷனுக்கு இதெல்லாம் கோபுரம் பார்ப்பதைவிடப் பெரிய விஷயம்.

கடலைக் காட்டாமல் இருக்க முடியுமா என்று கேட்பாய். கட்டாயம் காட்டு. அம்மாயிக்கு மணலில் நடந்தால் முட்டி வலிக்கும். மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக 2022ல் மரப்பாதை போட்டார்கள், 263 மீட்டர், அலைக்குக் கிட்ட வரை போகும். திறந்த அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் உடைந்து, அப்புறம் சரிசெய்தார்கள். வயதானவர்களும் அதில் நடக்கலாம். சாயங்காலக் கூட்டத்தில் வேண்டாம், காலை ஆறு மணிக்குப் போ. கால் நனைக்க ஆசைப்படுவார்கள். இரண்டு பக்கமும் ஆள் நின்று கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மெரினா அலை இழுக்கிற அலை, அங்கே போன உயிர்கள் கொஞ்சமல்ல. உட்கார ஒரு மடக்கு நாற்காலி கொண்டுபோனால் அவர்களாக எழுந்திருக்கும்வரை உட்காரட்டும். அவசரப்படுத்தாதே.

மால் வேண்டாம். வண்டலூரும் வேண்டாம், அவ்வளவு தூரம் அம்மாயியால் நடக்க முடியாது. அந்த நேரத்தில் உன் ஆபீஸைக் காட்டு. உள்ளே விடமாட்டார்கள், பரவாயில்லை. வாசலில் நின்று, "அந்த ஜன்னல்தான் நான் உட்கார்ற இடம்" என்று கையை நீட்டிச் சொல். எதிர்த்த டீக்கடையில் உன்னோடு வேலை பார்க்கிறவர்களை ஒரு டீக்குக் கூப்பிடு. பேரன் எங்கே வேலை செய்கிறான் என்று ஊரில் யாராவது கேட்டால் இதுவரை, "மெட்ராஸ்ல கம்பேனில" என்றுதான் அப்புச்சி சொல்கிறார். அந்தக் கட்டடத்தை அவர் கண்ணால் பார்க்க வேண்டும் தம்பி.

பிரஷர், சர்க்கரை மாத்திரைகளின் பெயர்களைச் சித்தியிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள். பக்கத்தில் நடந்து போகிற தூரத்தில் ஒரு டாக்டரையும் இப்போதே பார்த்து வை. லீவு இரண்டு நாள்தான் கிடைக்கும் என்றாய். அதைச் சனி, ஞாயிறோடு சேர்க்காமல் வாரத்தின் நடுவில் எடு. கோயம்பேட்டுக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று. மற்ற நாட்களில் நீ வேலைக்குப் போய்விட்டு வா, அம்மாயி சோறாக்கி வைத்திருப்பார். டிக்கெட் போட்டதும் கீழ்ப் படுக்கை இரண்டும் கிடைத்ததா என்று எனக்கு ஒரு செய்தி அனுப்பு.

உன் அக்கா