ஜவ்வாது மலை ரோட்டுல எங்களுக்காக வண்டிய நிறுத்தினவங்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். போன மாசம் ரெண்டு நாள் லீவு போட்டுட்டு நானும் வீட்டுக்காரியும் பொண்ணும் வேலூர்ல இருந்து கார்ல ஏலகிரி, ஜவ்வாது மலைன்னு ஒரு சுத்து சுத்திட்டு வந்தோம். நன்றி சொல்ல வேண்டியவங்க நிறைய பேரு, அதுல முக்கியமான ரெண்டு பேரோட பேரு கூட நான் கேட்டு வெச்சுக்கல, அதனாலதான் இப்படி பொதுவுல எழுதறேன். அந்தப் பக்கத்து ஆளுங்க யாராவது படிச்சா அவங்க காதுல போட்டுடுங்க.

திருப்பத்தூர்ல ஹாஸ்டல்ல ஒரே ரூம்ல இருந்தவங்க நாங்க நாலு பேரு. ஒருத்தன் ஆம்பூர், ஒருத்தன் ஏலகிரி அத்தனாவூர், ஒருத்தன் ஜமுனாமரத்தூர், நான் வேலூர். 2019ல வேலூர மூணா பிரிச்சப்போ ஆம்பூரும் ஏலகிரியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயிடுச்சு, ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை மாவட்டம், ஆனா எங்க நாலு பேருக்கும் இன்னிக்கும் அது வடார்காடுதான். ஜமுனாமரத்தூர்காரன நேர்ல பாத்து 19 வருஷம் ஆச்சு, இந்த ட்ரிப்பே அவனுக்காகத்தான்.

ஆம்பூர்ல அந்த ஹாஸ்டல் மச்சான் வீட்ல சும்மா டீ குடிச்சிட்டு கெளம்பலாம்னு பாத்தா, அவங்க அம்மா காலைலயே விறகு அடுப்புல தேக்சா ஏத்தி சீரக சம்பா பிரியாணி தம்ல போட்டு வெச்சிருந்தாங்க. நாங்க சாப்ட்டது போதாதுன்னு ஜமுனாமரத்தூர் புள்ளைக்கும் எடுத்துட்டுப் போன்னு ஒரு பெரிய தூக்கு நெறைய கட்டி, கத்திரிக்கா தனியா டப்பால. அம்மா, அந்தத் தூக்கு எங்கெங்க போய் சேந்துச்சுன்னு கீழ சொல்றேன்.

ஏலகிரிக்காரன் எனக்கு மலை ரோடு பழக்கம் இல்லன்னு தெரிஞ்சு பொன்னேரி வரைக்கும் பைக்ல இறங்கி வந்து நின்னான். 14 கொண்டை ஊசி வளைவுலயும் எனக்கு முன்னாடி போய் ஹாரன் அடிச்சு, மேல இருந்து வண்டி வரலன்னா கைய ஆட்டி கூப்பிடுவான். ஒவ்வொரு வளைவுக்கும் புலவருங்க, வள்ளலுங்க பேரு வெச்சிருக்காங்க இல்ல, பொண்ணு பலகைய ஒண்ணு விடாம சத்தமா படிச்சுகினே வந்தா. புங்கனூர் ஏரியில போட் போயிட்டு இறங்கறப்போ, "செகண்ட் கியர்லயே இறங்கு, பிரேக்க மிதிச்சுகினே வராதடா"ன்னு நாலு தடவ சொல்லி அனுப்பினான்.

ஆலங்காயம் வந்து மலை ஏறி காவலூர் தாண்டறதுக்குள்ள இருட்டிடுச்சு. அங்கதான் பின்னாடி டயர் பஞ்சர். ஸ்டெப்னிய எடுத்தா அதுலயும் காத்து இல்ல, சர்வீஸ் விட்ட இடத்துல செக் பண்ணியாச்சுன்னு சொல்லிதான் குடுத்தாங்க. போன்ல சிக்னலும் இல்ல. காவலூர்ல அந்த 2.3 மீட்டர் டெலஸ்கோப்ப 1986ல இருந்து வெச்சிருக்காங்கன்னா அந்த இருட்டுக்காகத்தான், பொண்ணு நட்சத்திரத்தப் பாத்து வாயத் தொறந்து நிக்கறா, எனக்கு வயித்தக் கலக்குது.

அப்பதான் சாமை மூட்டை ஏத்தின ஒரு டெம்போ. "இன்னாண்ணா, பஞ்சரா?"ன்னு இறங்கின தம்பி வேற எதுவும் கேக்கல, ஸ்டெப்னிய தூக்கி மூட்டை மேல போட்டுகினு ஜமுனாமரத்தூர் போயி காத்து அடிச்சுட்டு திரும்பி வந்தாரு. முழுசா ஒண்ணேகால் மணி நேரம். அதுவரைக்கும் ரோட்டோரத்து வீட்டு அம்மா டார்ச் அடிச்சுகினு வந்து எங்கள கூட்டிப்போய் திண்ணையில உக்கார வெச்சு, பொண்ணுக்கு சாமைச் சோறும் புளிக்கொழம்பும் போட்டாங்க. வீட்ல சோறு சாப்பிட அவ்ளோ படுத்தறவ மறுசோறு வாங்கி சாப்ட்டா. அம்மா, உங்க கைப்பக்குவத்த இன்னும் சொல்லிகினே இருக்கா.

தம்பி செல்போன வாயில கவ்விகினு அந்த வெளிச்சத்துலயே நட்ட எதிரும் புதிருமா டைட் வெச்சாரு. எவ்ளோ கெஞ்சியும் டீசல் காசு கூட வாங்கல. தூக்க தொறந்து நீட்டினேன், ரெண்டு கை நின்னுகினே சாப்ட்டாரு, வீட்ல பசங்க இருக்காங்கன்னு கொஞ்சம் கட்டிக்கினாரு. திண்ணை அம்மாவுக்கும் அதுல பங்கு.

அங்கிருந்து ரெண்டு கிலோமீட்டர் போயிருப்போம், எதிர்ல ஒரு பைக். எங்கள காணோம்னு தேடி வந்த ஜமுனாமரத்தூர்காரன். வண்டிய நடு ரோட்ல போட்டுட்டு ஓடி வந்து கார் கதவத் தொறந்து, "இன்னாடா இப்டி நரைச்சிட்ட"ன்னு அழுவறான். தூக்குல மிச்சம் இருந்த பிரியாணிய ராத்திரி பத்தரைக்கு ஆறிப்போனதோட நாங்க ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்ட்டோம். காலைல பீமன் அருவி காட்டி, தேன் பாட்டில் ரெண்டு குடுத்து, போளூர் வரைக்கும் கூடவே வந்து வழி அனுப்பினான்.

டெம்போ தம்பி, உங்க வீல் ஸ்பேனர், செவப்புத் துணி சுத்தினது, எங்க டிக்கியிலயே வந்துடுச்சு. வேலூர் வந்துதான் பாத்தேன். பொங்கலுக்கு குடும்பத்தோட மேல வரோம், அப்ப நானே கொண்டாந்து உங்க கையில தரேன்.