ஏணியில் ஏற இரண்டு கையும் வேண்டும்

ஒஸ்லோ
சித்திரை 26

அன்பு மகளுக்கு,

நீ வைகாசி நடுப்பகுதியில், ஆர்க்டிக் பக்கத்தில் தனியாகக் கிடக்கிற நோர்வேயின் யான் மாயன் தீவுக்குப் போகிறாய் என்று தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஐஸ்லாந்தில் ஈசாஃபியோர்துர் என்ற ஊரில் இருந்து பாய்ப்படகாம். ஸ்கீக்காரரை மலைக்குக் கூட்டிக்கொண்டு போகிற பொறுப்பு அக்காவுக்குத்தானாம். அதைச் சொல்லும்போது அவனுக்கு முகம் எல்லாம் சிரிப்பு. எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உன் வாயால் கேட்டிருக்கலாம். அம்மம்மாவின் திவசத்துக்கு எடுத்தபோதும் நீ கொஞ்ச நேரம்தான் கதைத்தாய், பாதியில் கமராவையும் நிறுத்திவிட்டாய். சரி, வேலை இருந்திருக்கும்.

பங்குனியில் லிங்கென் மலையில் நடந்ததைப் பற்றி நான் கேட்கவில்லை. கோயிலில் ஒரு அக்கா ஏதோ சொன்னா. நான் தெரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அதை விடுவோம்.

வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பயம். அப்பாவுக்கு எரிமலை. 1970 புரட்டாதியில் நீ ஏறப் போகிற அந்தத் தீவின் பீரன்பெர்க் மலை வெடித்து, மலையின் வடகிழக்குப் பக்கம் பிளந்து, லாவா கடலுக்குள் இறங்கிப் புதுநிலமே உண்டானதாம். அப்போது தீவின் வானிலை நிலையத்தில் இருந்தவர்களை விமானத்தில் ஏற்றி வெளியே கொண்டுபோனார்களாம். 1985 தையில் திரும்பவும் ஒருமுறை. இதை எல்லாம் இரவு சாப்பாட்டு மேசையில் வாசித்துக் காட்டுகிறார். சின்னம்மாவுக்கு வெள்ளைக் கரடி. கடற்பனி முன்போல அந்தத் தீவுவரை வருவதில்லை, அதனால் கரடி வருவதும் அரிது என்று எத்தனை தரம் சொன்னாலும் அவ கேட்கிறதாக இல்லை.

எனக்கு அந்த இரண்டுக்கும் பயம் இல்லை. மலையைப் பற்றி உனக்குச் சொல்லித்தர எனக்கு என்ன தெரியும்? நோர்வேயின் வடகோடியில் நாம் இருந்த போட்ஸ்ஃபியோர்ட்டில் பள்ளிக்கூடத்து ஸ்கீ நாளுக்குத் தோடம்பழமும் பாணும் கட்டித் தந்து அனுப்புவேன், நீ கன்னம் சிவக்க வந்து இன்னும் ஒருமுறை போகட்டோ என்று கேட்பாய். அப்போதே மலை உன்னுடையதாகிவிட்டது. பனிச்சரிவுக்குப் படித்தாய், பரீட்சை எழுதினாய், இப்போது மற்றவர்களுக்குப் படிப்பிக்கிறாய். இங்கே தினமும் பனிச்சரிவு அபாயம் ஒன்றா, இரண்டா, ஐந்தா என்று வர்சொம் என்ற எச்சரிக்கைத் தளத்தில் போடுகிறார்கள். யான் மாயனுக்கு அப்படிப் போட யாரும் இல்லை, நீயே பனியைத் தோண்டிப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். எடுப்பாய். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கடல்தான், பிள்ளை. முழுக்கடலும் இல்லை. படகுக்கும் கரைக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சின்னத் தண்ணீர்.

அந்தத் தீவில் துறைமுகம் இல்லை. நம் வல்வெட்டித்துறையிலும் கப்பல் வெளியேதான் நிற்கும், வள்ளத்தில்தான் கரைக்கு வர வேண்டும். அதனால் இந்த விஷயம் எனக்கு வாசித்து வந்ததில்லை. யான் மாயனை 2010 இல் இயற்கைக் காப்பகம் ஆக்கிவிட்டார்கள். உங்களைப் போன்றவர்கள் இரண்டு இடத்தில்தான் கரை இறங்கலாம். வடமேற்குப் பக்கம் க்வால்ரொஸ்புக்தா, தென்கிழக்குப் பக்கம் நிலையத்துக்குக் கிட்ட போட்விக்கா. தீவின் நடுப்பகுதி ஒடுக்கம் என்பதால் அந்த இரண்டும் முதுகுக்கு முதுகு கொடுத்த மாதிரி இருக்கின்றன. அது ஒரு வசதி. காற்று ஒரு பக்கம் அடித்தால் மற்றப் பக்கம் ஒதுங்கலாம். ஆனால் காற்று திரும்பினால் படகு என்ன செய்யும், யோசித்தாயா? நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடும். போகத்தான் வேண்டும். கரையோடு நின்று அடிபடுகிற படகு யாருக்கும் உதவாது. 64 புயலில் பெரிய ஐயா என்ன செய்தார் என்று உனக்குத் தெரியும்.

அதனால் நீங்கள் எல்லோரும் மலையில் இருக்கும்போது படகில் இரண்டு பேராவது நிற்க வேண்டும். படகு ஓட்டத் தெரிந்த இரண்டு பேர். சமைக்கிற பிள்ளையைக் கணக்கில் சேர்க்காதே. படகு மற்றப் பக்கம் போய்விட்டால் நீங்கள் தீவைக் குறுக்கே கடந்து வந்து ஏறுவீர்கள் என்று முதலே பேசி வைத்திருக்க வேண்டும். பேசி வைக்காவிட்டால் படகைக் காணவில்லை என்று பயந்து யாராவது அலைக்குள் இறங்குவார்கள். இதைத் தண்டையலோடு பேசு. தண்டையல் என்று எழுதுகிறேன், நீ ஸ்கிப்பர் என்பாய்.

நான் மீன் ஆலையில் கத்தி பிடித்து நின்ற காலத்தில் படகுக்காரர்கள் கோப்பி குடிக்க வரும்போது கதைப்பார்கள். நடுக்கடலில் எல்லோரும் கவனமாக இருப்பார்களாம். கரை தெரிந்த பிறகுதான் கால் வழுக்குமாம். அது உனக்கும் பொருந்தும். பீரன்பெர்க் 2,277 மீற்றர், கடல் மட்டத்தில் இருந்தே தொடங்குகிற ஏற்றம். கரை இறங்கும் இடத்தில் இருந்து மலையின் அடிக்குப் போவதே நீண்ட நடை. மேலே பனிப்பாறை வெடிப்புகள், கயிறு கட்டி நடை, நடுவில் மூடுபனி வந்தால் நின்று காத்திருக்க வேண்டும். எல்லாம் முடித்துக் கீழே வரும்போது வைகாசியில் அங்கே இருட்டவும் இருட்டாது. போட்ஸ்ஃபியோர்ட்டும் அதுவும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகைதானே, அந்தச் சூரியன் எப்படி ஏமாற்றும் என்று நமக்குத் தெரியும். வெளிச்சம் இருக்கிறவரை களைப்பு தெரியாது. அந்த நேரத்தில்தான் ரப்பர் வள்ளத்தில் ஏற வேண்டும்.

ஆகவே கேள். முதுகுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரப்பர் வள்ளத்தில் ஏறாதே. பையை முதலில் போடு, பிறகு நீ ஏறு. ஸ்கீயை எல்லாம் ஒன்றாகக் கட்டி வள்ளத்தின் அடியில் படுக்க வைக்கச் சொல், விளிம்பு ரப்பரை வெட்டிவிடும். ஸ்கீச் சப்பாத்தின் பூட்டைத் திறந்துவிடு. உயிர்காப்பு அங்கி எல்லோருக்கும், கரையில் இருந்து படகு எவ்வளவு கிட்ட நின்றாலும். பனிக்குள் புதைந்தவரைத் தேடுகிற கருவி தண்ணீருக்குள் ஒன்றும் செய்யாது. அந்தக் குளிரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சுத் திணறும், அந்த நிமிடத்தில் நீந்தப் பார்க்கக் கூடாது, மூச்சைச் சீராக்கினால் போதும். அதற்குப் பிறகு ஏறக்குறைய பத்து நிமிடம்தான் கையும் விரலும் சொன்னபடி கேட்கும். குளிரால் ஆள் மயங்க ஒரு மணி நேரம்போல ஆகும் என்கிறார்கள், ஆனால் கை போன பிறகு அந்த ஒரு மணி நேரத்தால் என்ன பயன்? இதை உன் ஆட்களுக்கு முதல் நாளே சொல். சொன்னேன் என்று விடாமல் திரும்பச் சொல். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறக் கூடாது, அதை மட்டும் மூன்று தரம் சொல்.

நீ சிரிப்பாய். நம் ஊரில் கட்டிய அன்னபூரணி 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம்வரை போகவில்லையா, நம் ஊர் மாலுமிகள்தானே போனார்கள் என்று கேட்பாய். பள்ளிக்கூடத்தில் நோர்வேஜியப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று அந்தக் கதையை நீ சொன்னபோது உன் ரீச்சர் என்னைக் கூப்பிட்டுக் கை கொடுத்தா. எனக்கு அன்று தலை கால் தெரியவில்லை. உன் கால் கடலையும் மலையையும் தேடிப் போகிறதென்றால் அது எங்களிடம் இருந்து வந்ததுதான், அதற்கு நான் யாரையும் நோக மாட்டேன். ஆனால் அந்தக் கப்பல் போன கதையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அது போய்ச் சேர்ந்த செய்தி வரும்வரை ஊரில் பெண்கள் எப்படிச் சோறு இறக்கினார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

யான் மாயனைப் பற்றி வாசித்துக்கொண்டு போனபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. பயணம் போகிற பிள்ளைக்கு எழுதக் கூடாது, ஆனாலும் எழுதுகிறேன். 1633 இல் திமிங்கிலம் பிடிக்க வந்த ஒல்லாந்தர் ஏழு பேரைக் குளிர்காலம் முழுக்கக் காவலுக்கு அந்தத் தீவில் விட்டுப் போனார்கள். அடுத்த வருடம் கப்பல்கள் திரும்பி வந்தபோது ஒருவரும் உயிரோடு இல்லை. ஸ்கர்வி நோய். ஆனால் அவர்கள் குறிப்பேடு எழுதி வைத்திருந்தார்கள், காற்று எந்தப் பக்கம், யாருக்கு உடம்பு சரியில்லை என்று. வாசிக்க ஆள் வருமா என்று தெரியாமலே எழுதினார்கள், பிள்ளை. உன்னிடம் சாட்டிலைட் போன் இருக்கிறது, கையில் சாதாரணப் போனும் இருக்கிறது, ட்ரொம்சோவில் நல்ல சிக்னலும் இருக்கிறது.

சரி. கோபத்தில் எழுதவில்லை.

நல்லதையும் சொல்கிறேன். அந்த மலையில் முதன்முதலாக 1921 இல் மூன்று பேர் ஏறினார்களாம். வானிலை நிலையம் தொடங்கியதும் அதே வருடம்தான். கடலில் இருந்து எழும்பி உச்சியில் எரிமலை வாய் வைத்திருக்கிற மலை, அந்த வாயின் உடைந்த பக்கத்தால் வைப்ரெக்ட் பனிப்பாறை கடல்வரை இறங்குகிறது. படத்தைப் பார்த்தபோது நான் கொஞ்ச நேரம் வேலையை விட்டுவிட்டு இருந்துவிட்டேன். கடலில் இருந்து நேரே மேலே போய், பிறகு அதே கடலைப் பார்த்தபடி வழுக்கிக்கொண்டு இறங்குவது எப்படி இருக்கும் என்று எனக்கு விளங்காமல் இல்லை. போகாதே என்று நான் சொல்ல மாட்டேன். என் அம்மா எனக்குச் சொல்லியிருந்தால் நான் ஃபின்மார்க்குக்கு வந்திருக்க மாட்டேன், உனக்கு அந்த ஸ்கீ நாளும் இருந்திருக்காது.

ஆனால் திவசத்து அன்று நீ தேநீரை இடது கையால் குடித்தாய்.

நீ இடது கைக்காரி இல்லை. முதலில் கோப்பை சூடு என்று நினைத்தேன். பிறகு தலைமயிரை ஒதுக்கினாய், அதுவும் இடது கை. பிறகுதான் கமரா நின்றது. கோயிலில் அந்த அக்கா சொன்னதில் ஒருவரைப் பனிக்குள் இருந்து தோண்டி எடுத்தார்கள் என்றும் இருந்தது, தோண்டிய பெண்ணுக்கும் அடி என்றும் இருந்தது. பெயர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

இப்போது கேட்கிறேன், இதை மட்டும் கேட்கிறேன். தோள் எப்படி இருக்கிறது?

ரப்பர் வள்ளத்தில் இருந்து படகுக்கு ஏணியால்தான் ஏற வேண்டும். வள்ளம் அலையோடு மேலே போகும்போது பிடிக்க வேண்டும், அது கீழே போகும்போது உடம்பின் பாரம் முழுக்கக் கையில் வரும். அந்த நேரம் இரண்டு கையும் வேண்டும். மலையில் நீ ஒரு கையாலும் சமாளிப்பாய், உன்னை எனக்குத் தெரியும். ஏணியில் சமாளிக்க முடியாது. வைத்தியரிடம் காட்டினாயா, கையைத் தலைக்கு மேலே தூக்க முடிகிறதா, உன் பாரத்தை ஒரு கம்பியில் தொங்கித் தாங்க முடிகிறதா? வீட்டுக் கதவில் பூட்டியிருக்கிறாயே, அந்தக் கம்பியில் தொங்கிப் பார். பார்த்துவிட்டு உண்மையைச் சொல்.

முடியவில்லை என்றாலும் வழி இருக்கிறது. பாயை ஏற்றுகிற கயிற்றாலே ஆளையும் தண்ணீரில் இருந்து தூக்கலாம். ஈசாஃபியோர்துரில் புறப்பட முன்னமே, கரையோடு கட்டி நிற்கும்போது அதைச் செய்து பார்க்கச் சொல். வெட்கப்படாதே. தலைவியைத் தூக்கிப் பார்த்தால் மற்றவர்களும் பழகிக்கொள்வார்கள். தோள் சுகமில்லாத விஷயத்தைத் தண்டையலிடம் முதலே சொல்லிவிடு. என்னிடம் மறைத்ததுபோல அவரிடம் மறைக்காதே.

பார்சலில் கம்பளிக் கையுறை இருக்கிறது, அப்பா தேடி எடுத்தது. நோவுக்குப் பூசுகிற சித்தாலேபவும் வைத்திருக்கிறேன், எதற்கு என்று இனி எழுதத் தேவையில்லை. அதோடு பயணத் திட்டத்தின் ஒரு பிரதியை எனக்கு அனுப்பு. படகின் பெயர், படகில் தங்குகிற இருவரின் பெயர், எந்தப் பக்கம் இறங்குகிறீர்கள், எந்த நாள். பூடோவில் இருக்கிற மீட்பு மையத்தின் எண்ணை நான் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டேன். அங்கே ஹெலிகொப்டர் நினைத்தவுடன் வந்து இறங்குகிற தூரம் இல்லை என்று தெரியும், இருந்தாலும் ஒட்டியிருக்கிறேன்.

உச்சியில் இருந்து படம் அனுப்ப வேண்டாம். எல்லோரும் படகில் ஏறி, வள்ளத்தையும் மேலே தூக்கிக் கட்டிய பிறகு, "ஏறியாச்சு" என்று ஒரு சொல் அனுப்பு.

அன்புடன்,
அம்மா

பி.கு: சின்னம்மாவின் மகளுக்கு ஆவணியில் கலியாணம் முற்றாகியிருக்கிறது, மாப்பிள்ளை பேர்கன். அதை விபரமாகப் பிறகு எழுதுகிறேன். முதலில் தோளைப் பற்றி எழுது.