சீதனம் கொடுத்தது அப்பா அல்ல, அம்மா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழின் பெட்டிச் செய்தியில், '1661-ல் போர்ச்சுகல் மன்னர் தன் மகளுக்குப் பம்பாய்த் தீவைச் சீதனமாகக் கொடுத்தார். மாப்பிள்ளை இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ்' என்று போட்டிருந்தீர்கள். மாப்பிள்ளைக்குப் பெயர் உண்டு, பெண்ணுக்குப் பெயர் இல்லை. அது போகட்டும். கொடுத்ததாக நீங்கள் சொல்லும் தகப்பனார் நான்காம் ஜுவாவ், 1656 நவம்பரிலேயே காலமாகிவிட்டார். செத்து ஐந்து வருஷம் கழித்து எந்தத் தகப்பன் வந்து சீர் வைப்பார்?

மும்பை தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். பிள்ளைகளில் பாதிப் பேர் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பங்கள். அக்கா கல்யாணத்துக்கு எத்தனை பவுன் என்ற பேச்சை வீட்டில் கேட்டே வளர்ந்தவர்கள். மற்ற பாடங்களில் தூங்கி வழிகிற வகுப்பு, இந்தச் சீதனப் பாடம் வந்தால் நிமிர்ந்து உட்காரும். 'டீச்சர், அப்ப தாராவியையும் சேர்த்தா கொடுத்தாங்க?' என்று ஒரு பையன் கேட்டான். அதற்கான பதிலைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கொடுத்தவர் யார் என்று பார்ப்போம். அவர் பெயர் லூயிசா தெ குஸ்மாவ், மணப்பெண்ணின் தாய். பிறந்த வீடு ஸ்பெயின். மெதினா சிதோனியா டியூக்கின் மகள். 1633-ல் போர்ச்சுகலின் பிரகன்சா டியூக்குக்கு (பின்னாளில் நான்காம் ஜுவாவ்) வாழ்க்கைப்பட்டார். அப்போது போர்ச்சுகல், ஸ்பெயின் மன்னரின் ஆளுகைக்குள் இருந்தது. 1640-ல் போர்ச்சுகல் பிரபுக்கள் கிளர்ந்தெழுந்து பிரகன்சா டியூக்கை அரசராக்க வந்தபோது, அவர் தயங்கினாராம். 'காலமெல்லாம் டியூக் மனைவியாக இருப்பதைவிட ஒரு பொழுது ராணியாக இருந்தால் போதும்' என்று மனைவிதான் தள்ளிவிட்டாராம். அந்த வாசகத்தை அவர் சொன்னாரோ இல்லையோ, பிறந்த வீட்டு ராஜாவை எதிர்த்துப் புகுந்த வீட்டின் பக்கம் நின்றார் என்பதில் சந்தேகம் இல்லை. கணவர் இறந்தபோது பட்டத்துக்கு வந்த மகன் ஆறாம் அஃபோன்சோவுக்கு வயது 13. சிறுவயதில் வந்த நோயால் உடலின் ஒரு பக்கம் சரியாக இயங்காது. ஆகவே 1656 முதல் 1662 வரை ராஜப்பிரதிநிதியாக நாட்டை நடத்தியவர் லூயிசாதான். மகளின் கல்யாணப் பேரத்தை லண்டனில் தூதர் வழியாகப் பேசி முடித்ததும் அவரது அரசுதான்.

அந்தப் பேரம் ஏன் அத்தனை பெரிதானது என்று புரிய, நான் கரும்பலகையில் போடும் வம்சாவளியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். உச்சியில் மானுவேல் மன்னர். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது இவர் காலத்தில். இவருடைய மகள் இசபெல். 1526-ல் செவில் நகரில் இவரை மணந்தவர் ஸ்பெயின் மன்னரும் பேரரசருமான ஐந்தாம் சார்லஸ். இவர்களுக்குப் பிறந்தவர் இரண்டாம் பிலிப். மானுவேலின் இன்னொரு பிள்ளை துவார்த்தே. அவர் மகள் கத்தரீனா பிரகன்சா குடும்பத்துக்கு மருமகளாகப் போனார். 1578-ல் இளைஞரான செபாஸ்தியான் மன்னர் மொராக்கோப் போர்க்களத்தில், வாரிசு இல்லாமல் மாண்டார். அவருக்குப் பின் அரசரான வயதான கர்தினாலும் (கத்தோலிக்க உயர்குரு) 1580-ல் போய்ச் சேர்ந்தார். இப்போது சிம்மாசனம் யாருக்கு? மகள் வயிற்றுப் பேரன் பிலிப்புக்கா, மகன் வயிற்றுப் பேத்தி கத்தரீனாவுக்கா?

எங்கள் வகுப்பில் இந்தக் கேள்விக்குப் பெண் பிள்ளைகள் ஒரு பக்கமும் பையன்கள் ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிடுவார்கள். நிஜத்தில் வாதத்துக்கே இடம் இல்லை. பிலிப்பிடம் படை இருந்தது. அடுத்த 60 வருஷம் லிஸ்பனுக்கும் ஸ்பெயின் அரசர்தான் அரசர். 1619-ல் போர்த்துக்கீசியர் யாழ்ப்பாண அரசை ஒழித்தபோது, அவர்கள் எந்த அரசர் பெயரைச் சொல்லி ஒழித்தார்களோ அவர் ஸ்பெயின் அரசர். செவிலில் மணமான அந்த இசபெலின் பேரன். ஒரு நாட்டு இளவரசியைப் பக்கத்து நாட்டில் கட்டிக்கொடுத்ததன் விளைவு எங்கெல்லாம் போய் முட்டுகிறது பாருங்கள்.

1640-ல் அரசரான நான்காம் ஜுவாவ், உரிமை மறுக்கப்பட்ட கத்தரீனாவின் பேரன். பாட்டியின் உரிமையை வைத்துத்தான் சிம்மாசனம் கேட்டார். உங்கள் பெட்டிச் செய்தியில் பெயரில்லாமல் போன மணப்பெண்ணும் ஒரு கத்தரீனாதான். 1638 நவம்பர் 25, புனித கத்தரீனா திருநாளில் பிறந்தவர். கொள்ளுப்பாட்டி பெயரும் திருநாள் பெயரும் ஒன்றாக அமைந்துவிட்டன.

ஸ்பெயின் சும்மா விடவில்லை. 1659-ல் பிரான்சோடு சமாதானம் ஆனதும் அதன் முழுப் படையும் போர்ச்சுகல் பக்கம் திரும்பியது. இன்னொரு பக்கம் டச்சுக்காரர்கள். 1656-ல் கொழும்பு போயிற்று. 1658-ல் மன்னார், யாழ்ப்பாணம், நாகப்பட்டினம், எங்கள் தூத்துக்குடி எல்லாம் கைமாறின. இப்படி நெருக்கிக்கொண்டு வரும்போதுதான் லூயிசா இங்கிலாந்தின் பக்கம் திரும்பினார். 1661 ஒப்பந்தப்படி இங்கிலாந்துக்குப் போனது இருபது லட்சம் குருசாதோ பணம், ஆப்பிரிக்கக் கரையில் டாஞ்சியர், இங்கே பம்பாய், வணிகச் சலுகைகள். திரும்பக் கிடைத்தது 2,000 காலாட்கள், 1,000 குதிரை வீரர்கள், 10 போர்க்கப்பல்கள். இந்தக் கடைசி வரியை எந்தப் பெட்டிச் செய்தியும் போடுவதில்லை. அதைப் போட்டால் இது பெண்ணைத் தள்ளிவிடக் கொடுத்த சீதனம் அல்ல, படை வாங்கக் கொடுத்த விலை என்பது தெரிந்துவிடும்.

அதே ஒப்பந்தத்தில் நம் பக்கத்தவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு ஷரத்தும் இருக்கிறது. இலங்கையை டச்சுக்காரரிடமிருந்து போர்த்துக்கீசியர் மீட்டால் காலி என்ற ஊரின் துறைமுகம் இங்கிலாந்துக்கு. இங்கிலாந்து மீட்டால் கொழும்பு போர்ச்சுகலுக்கு. கறுவாப்பட்டை வணிகத்தில் இருவருக்கும் பங்கு. கையில் இல்லாத தீவையே கல்யாணப் பத்திரத்தில் பங்கு பிரித்திருக்கிறார்கள்! அது நடக்கவில்லை. ஆனால் படை வந்தது. அமெய்ஷியால், மோந்தெஸ் கிளாரோஸ் போர்களில் அந்த ஆங்கிலேயர்களும் நின்று சண்டை போட்டார்கள். 1668 பிப்ரவரியில் ஸ்பெயின் போர்ச்சுகலைத் தனி நாடாக ஒப்புக்கொண்டது. அதைப் பார்க்க லூயிசா இல்லை. மகள் இங்கிலாந்தில் இறங்கி ஒரு மாதம் ஆவதற்குள், 1662 ஜூனில், மகன் அஃபோன்சோவும் அவரைச் சுற்றியிருந்த பிரபுக்களும் லூயிசாவை அதிகாரத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். பிறகு ஒரு கன்னிமடத்தை அண்டி வாழ்ந்து 1666-ல் இறந்தார். தாயும் மகளும் திரும்பப் பார்த்துக்கொள்ளவே இல்லை.

பையனுக்குச் சொல்லவேண்டிய பதிலுக்கு வருகிறேன். கொடுப்பது என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டார்கள். கொடுக்க வேண்டியவர் கோவாவில் இருந்த வைஸ்ராய் அந்தோனியோ தெ மெலோ எ காஸ்த்ரோ. அவருக்கு மனசே இல்லை. பத்திரம் சரியில்லை, கையெழுத்து சரியில்லை என்று இழுத்தடித்தார். வாங்க வந்த ஆபிரகாம் ஷிப்மன் சுமார் 400 சிப்பாய்களோடு கார்வாருக்குப் பக்கத்தில் அஞ்சுதீவில் காத்துக் கிடந்தார். நோய் வந்து பெரும்பாலோர் மடிந்தார்கள்; 1664-ல் ஷிப்மனும் போனார். கடைசியில் 1665-ல் அவருடைய உதவியாளர் ஹம்ப்ரி குக் வந்து, கிடைத்ததை வாங்கிக்கொண்டார். கிடைத்தது பம்பாய்த் தீவு மட்டும்தான். மாஹிம், சயான், தாராவி, வடாலா ஆகியவற்றைப் பிறகு குக் கொஞ்சம் வம்பு செய்துதான் சேர்த்துக்கொண்டார். ஆக, தம்பி, தாராவி சீதனத்தில் வரவில்லை. ஆங்கிலேயன் மடக்கிப்போட்டதில் வந்தது. வகுப்பில் இதைச் சொன்னபோது பிள்ளைகள் கைதட்டினார்கள், எதற்கென்று எனக்கு விளங்கவில்லை.

ஆங்கிலேயர் பம்பாயில் குடியேறும் நாளில் இந்தியா நம் கையை விட்டுப் போய்விடும் என்று அந்த வைஸ்ராய் தன் மன்னருக்கு எழுதினார். லண்டன்காரர்களுக்கோ டாஞ்சியர்தான் பெரிதாகத் தெரிந்தது. பம்பாயை 1668 மார்ச்சில், வருஷத்துக்குப் பத்துப் பவுண்டு வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் தள்ளிவிட்டார் சார்லஸ். பெரிதாக நினைத்த டாஞ்சியரில் பணத்தைக் கொட்டி, 1684-ல் கைவிட்டு ஓடிவந்தார்கள்.

கத்தரீனாவின் பாடு என்ன? 1662 மே மாதம் போர்ட்ஸ்மத்தில் இறங்கும்போது வயது 23. அதற்குள் லண்டனில் இருந்த ஸ்பெயின் தூதர், பெண்ணுக்குப் பிள்ளை பிறக்காது என்று வதந்தி கிளப்பியிருந்தார். சீதனப் பணத்தில் பாதிதான் வந்தது, அதிலும் ரொக்கத்துக்குப் பதில் சர்க்கரையும் வாசனைச் சரக்குமாகக் கப்பலில் ஏற்றியிருந்தார்கள். நம் ஊரில் பாக்கி வைத்த சீதனத்துக்குப் பெண் என்ன பேச்சு வாங்குவாளோ, அதெல்லாம் அரண்மனையிலும் உண்டு. அந்தக் கோடையில் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில், தன் ஆசைநாயகி பார்பராவை சார்லஸ் நேரே கூட்டிவந்து ராணியின் முன் நிறுத்தினார். யார் என்று தெரியாமல் கை கொடுத்துவிட்ட கத்தரீனா, தெரிந்ததும் மூக்கில் ரத்தம் வழிய மயங்கி விழுந்தார். மயக்கம் தெளிந்தும் பயனில்லை. அதே பார்பராவை அந்தரங்கத் தோழியாக ஏற்கச் சொல்லி ஊரையே விட்டு நச்சரித்து, கூட வந்த போர்த்துக்கீசியப் பெண்களில் பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பி, கடைசியில் இணங்க வைத்தார்கள்.

1663 அக்டோபரில் கடும் காய்ச்சல். பிழைக்க மாட்டார் என்று கடைசி அருட்சாதனமும் கொடுத்தாயிற்று. அப்போது லண்டனில் கடற்படை அலுவலகத்தில் இருந்த சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில், காதில் விழுந்ததை எழுதி வைத்திருக்கிறார். ஜன்னி வேகத்தில் ராணிக்குத் தனக்கு ஆண் குழந்தை பிறந்துவிட்டதாக நினைப்பு. பிள்ளை அழகாக இல்லையே என்று வருத்தப்பட்டாராம். பக்கத்தில் இருந்த சார்லஸ், இல்லை, அழகான பிள்ளைதான் என்றாராம். உங்கள் ஜாடை என்றால் அழகுதான், எனக்குச் சந்தோஷம்தான் என்றாராம் ராணி. மறுநாள் கண் விழித்ததும் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டாராம். இதை மட்டும் நான் வகுப்பில் சொன்னதில்லை. பிழைத்து எழுந்தார், பிறகு கருத்தரித்தும் தங்கவில்லை. சார்லஸ் வெளியே பெற்று ஒப்புக்கொண்ட பிள்ளைகள் பன்னிரண்டுக்குக் குறையாது.

ஒன்றை மட்டும் சார்லஸ் கணக்கில் வரவு வைக்கத்தான் வேண்டும். விலக்கிவிட்டு வேறு கல்யாணம் செய் என்று பலர் சொல்லியும் அவர் செய்யவில்லை. 1678-ல் டைட்டஸ் ஓட்ஸ் என்ற புளுகன், கத்தோலிக்க ராணி அரசருக்கு விஷம் வைக்கச் சதி செய்தார் என்று கிளப்பியபோது, சார்லஸே அவனைக் குறுக்கு விசாரணை செய்து பொய்யைப் பிடித்தார்.

தேநீரை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனவர் இவர் என்பது அடுத்த பெட்டிச் செய்தியாக வரும் என்று எதிர்பார்க்கிறேன். வேண்டாம். அவர் போவதற்கு முன்பே லண்டன் கடைகளில் தேயிலை விற்றது. அரண்மனைப் பெண்களிடம் அதை நாகரிகமாக்கியவர் அவர், அவ்வளவுதான்.

கதை அங்கே முடியவில்லை. 1685-ல் கணவர் இறந்தார். 1693-ல் கத்தரீனா லிஸ்பன் திரும்பினார். அப்போது அரசர் அவருடைய தம்பி இரண்டாம் பெத்ரோ. ஸ்பெயினோடு மறுபடி போர் மூண்டு தம்பி களத்துக்குப் போனபோதும், பிறகு நோயில் விழுந்தபோதும், 1704, 1705-ல் ராஜப்பிரதிநிதியாக நாட்டை நடத்தியவர் இந்த அக்காதான். அம்மா எந்தப் பொறுப்பிலிருந்து இறக்கப்பட்டாரோ அதே பொறுப்பு. 1705-ல் எல்லையில் வாலென்சியா தெ அல்காந்தராவும் அல்புகெர்கேயும் போர்ச்சுகல் தரப்பின் கைக்கு வந்தன. அந்த வருஷம் டிசம்பர் 31-ல், தான் கட்டிய பெம்போஸ்தா அரண்மனையில் காலமானார். அந்த இடத்தில் இன்று ராணுவக் கழகம் இருக்கிறது.

ஆகவே ஒரு திருத்தம் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். 'போர்ச்சுகலின் ராஜப்பிரதிநிதி லூயிசா தெ குஸ்மாவ், தன் மகள் கத்தரீனாவின் திருமண ஒப்பந்தத்தில்' என்று போட்டால் போதும், உங்களுக்கு ஒரு வரிதான் கூடும். இன்னொன்று: செய்தியோடு நீங்கள் அச்சிட்ட படத்தில் இருக்கும் அம்மாள், தலையில் மாவு தூவி உயரமாகக் கொண்டை போட்டிருக்கிறார். அது ஒரு நூற்றாண்டு பிந்திய பாணி. படம் வேண்டுமானால், கல்யாணத்துக்கு முன் டிர்க் ஸ்டூப் வரைந்த ஓவியம் லண்டன் தேசிய உருவப்பட அரங்கில் இருக்கிறது. இரண்டு பக்கமும் அகன்ற பாவாடையும் பக்கவாட்டில் சீவிவிட்ட முடியுமாக, போர்ச்சுகல் பாணியில் நிற்பார். அதைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
பாளையங்கோட்டை.