பிரசங்க பீடத்தில் வேட்பாளருக்கு என்ன வேலை? சபைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மரியாதைக்குரிய ஆயர்களே, போதகர்களே, சபை மூப்பர்களே,

ஸ்தோத்திரம்.

தேர்தல் நெருங்கினால் சபைகளில் என்ன நடக்கும் என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆராதனை பாதியில் இருக்கும்போது வேட்பாளர் தன் ஆட்களோடு உள்ளே வருவார். முன்வரிசையில் இருக்கும் முதியவர்களை எழுப்பி அவருக்கு இடம் பண்ணிக்கொடுப்பார்கள். அறிவிப்பு வாசிக்கிற நேரத்தில் போதகர், நம் சபைமேல் மிகுந்த அன்பு கொண்டவர் என்று அறிமுகம் செய்வார், மைக் கைமாறும், இரண்டு நிமிடம் என்று ஆரம்பித்தது இருபது நிமிடம் ஓடும், கடைசியில் அவர் தலையில் கைவைத்து ஒரு ஜெபம். ஆசீர்வாதம் கூறி முடிப்பதற்குள் அந்தப் படம் கட்சிக்காரர்களின் போனில் சுற்றிக்கொண்டிருக்கும். ஜெபத்தில் கட்சிப் பெயரே வரவில்லையே என்பீர்கள். அந்தப் படத்துக்குப் பெயர் எதற்கு ஐயா?

உடனே "சபையில் அரசியலே கூடாது என்கிறான்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. மோசே பார்வோனிடம் போய் நின்றது அரசியல். நாத்தான் தீர்க்கதரிசி, பிறன் மனைவியை அபகரித்த தாவீது ராஜாவின் முகத்துக்கு நேரே "நீயே அந்த மனுஷன்" என்று சொன்னதும் அரசியல்தான். ஏரோது தன் சகோதரன் மனைவியை வைத்துக்கொண்டது நியாயமல்ல என்று சொல்லித்தான் யோவான் ஸ்நானகன் தலையை இழந்தான். ஆண்டவருடைய சிலுவையின்மேல் ரோம அதிகாரி எழுதி வைத்த குற்றச்சாட்டே "யூதருடைய ராஜா" என்பது. இதையெல்லாம் படித்துவிட்டு விசுவாசத்துக்கும் அரசியலுக்கும் சம்பந்தமே இல்லை என்று ஒருவர் சொன்னால், அவர் எந்த வேதாகமத்தை வைத்திருக்கிறார் என்று வாங்கிப் பார்க்க வேண்டும். (அப்படிச் சொல்பவர்கள் சபைக் கமிட்டித் தேர்தல் வந்தால் ராத்திரியெல்லாம் வீடு வீடாகப் போவதைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. அதற்குத் தனி மடல் வேண்டும்.)

என் வழக்கு வேறு. அதிகாரத்தில் இருப்பவர்களிடம் நீங்கள் போவதெல்லாம் எதற்காக, யாருக்காக? நம் கட்டிடத்துக்கு அனுமதி, நம் பள்ளிக்கூடத்துக்கு அங்கீகாரம், நம் நிலத்தில் ஒரு சிக்கல், நம் ஆளுக்கு ஒரு பதவி. இவற்றில் கைபட்டால் அறிக்கை வருகிறது, உபவாச ஜெபம் வருகிறது, தலைவர்கள் கூடிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரன், வேறு சாமி கும்பிடுகிறவன், அல்லது எந்தச் சாமியும் இல்லாதவன், அவனை அதே அரசாங்கம் மிதிக்கும்போது நமக்குத் திடீரென்று "ஆவிக்குரிய காரியங்களில் கவனம்" வந்துவிடுகிறது. இதை நடுநிலை என்று சொல்லாதீர்கள். பேரத்துக்குக் குந்தகம் வரக்கூடாது என்கிற கணக்கு இது.

1 இராஜாக்கள் 22-ஐ நீங்கள் எத்தனையோ முறை பிரசங்கித்திருப்பீர்கள். ராமோத் கீலேயாத்தின்மேல் யுத்தத்துக்குப் போகலாமா என்று இஸ்ரவேலின் ராஜா ஆகாப் கேட்கிறான், ஏறக்குறைய நானூறு தீர்க்கதரிசிகள் ஒரே வாயாகப் போம் என்கிறார்கள். ஒருவன் இரும்புக் கொம்புகளே செய்துகொண்டு வந்து நடித்துக் காட்டுகிறான். எனக்கு அந்த அதிகாரத்தில் மறக்க முடியாத ஆள், ராஜாவுக்குப் பிடிக்காததையே சொல்லும் தீர்க்கதரிசி மிகாயா அல்ல, அவனைக் கூப்பிடப் போன சேவகன். வழியில் அவன் மிகாயாவிடம் நைசாகச் சொல்கிறான்: எல்லாரும் ராஜாவுக்கு நல்லதாகவே சொல்லியிருக்கிறார்கள், நீரும் அப்படியே சொல்லிவிடும். மிரட்டலே இல்லை, நல்லெண்ணத்தில் சொல்கிற யோசனை. இன்றைக்கும் ஒரு போதகரை அமைதியாக்குவது பெரும்பாலும் இந்தச் சேவகன்தான். "எதற்கு ஐயா வம்பு, அடுத்த மாதம் ஃபைல் கையெழுத்தாக வேண்டியிருக்கிறது" என்று காதில் சொல்கிறவன். இன்னொன்றையும் கவனியுங்கள். நானூறு பேர் சொன்ன பிறகும், ஆகாபோடு யுத்தத்துக்குச் சேர்ந்த யூதாவின் ராஜா யோசபாத்துக்குத் திருப்தி இல்லை, வேறே தீர்க்கதரிசி இல்லையா என்று கேட்கிறான். மிகாயா முதலில் கிண்டலாக "போம்" என்று சொன்னபோது ஆகாபே அதை நம்பவில்லை. அரண்மனைச் சாப்பாடு சாப்பிடுகிறவன் சொல்லும் வாக்கின் மதிப்பு அரண்மனைக்கு நன்றாகவே தெரியும்.

பேரம் பேசினாலாவது சபை பிழைக்கும் என்று நினைத்தால் 1933-ஐப் பாருங்கள். அந்த வருஷம் ஜூலை 20 அன்று வத்திக்கான் ஹிட்லரின் அரசோடு ஒப்பந்தம் போட்டது. கத்தோலிக்கப் பள்ளிகளுக்கும் அமைப்புகளுக்கும் பாதுகாப்பு என்றது ஒப்பந்தம், குருக்கள் கட்சி அரசியலிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்பதும் அதில் ஒரு பிரிவு. நான்கே வருஷத்தில், 1937-ல், ஒப்பந்தத்தை மீறுகிறீர்கள் என்று போப் பதினொன்றாம் பத்திநாதர் எழுதிய சுற்றுமடலை ஜெர்மனிக்குள் ரகசியமாகக் கொண்டுபோய் ஆலயங்களில் வாசிக்க வேண்டியதாயிற்று. புராட்டஸ்டண்டுகள் பக்கம் இன்னும் மோசம். அதே ஜூலையில் நடந்த சபைத் தேர்தலில் நாஜி ஆதரவுக் கோஷ்டியே ஜெயித்தது, செப்டம்பரில் ஜெர்மனியின் பெரிய மாநிலமான பிரஷ்யாவின் சபைச் சங்கம் யூத வம்சத்தில் பிறந்த போதகர்களை ஊழியத்திலிருந்து நீக்கத் தீர்மானம் போட்டது.

அதை எதிர்த்து 1934 மே மாதம் ஜெர்மனியின் பார்மன் நகரில் கூடியவர்களை நாம் தலையில் வைத்துக் கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியதுதான், சபைக்குத் தலைவர் கிறிஸ்து ஒருவரே என்று அந்த நேரத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவது சின்ன விஷயமா? ஆனால் அந்த அறிக்கையை எடுத்து வாசித்துப் பாருங்கள், யூதர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சபையின் சுதந்திரத்துக்காகப் பேசினார்கள், தெருவில் அடிவாங்கியவனுக்காக அங்கே யாரும் பேசவில்லை. அதை எழுதியதில் முக்கியப் பங்கு இறையியலாளர் கார்ல் பார்த் என்பவருடையது, அவரே பின்னாளில் இதைத் தன் குற்றமாகச் சொன்னார். நல்லவர்கள் கூடிய இடத்திலேயே நிலைமை இது என்றால் மற்ற இடங்களைப் பற்றி என்ன சொல்ல.

தென்னாப்பிரிக்காவின் டச்சு சீர்திருத்தச் சபை 1857-ல் போட்ட தீர்மானமும் அப்படித்தான். எல்லா நிறத்தாரும் ஒரே சபையில் இருப்பதே வேதத்துக்கு ஏற்றது என்று ஒப்புக்கொண்டுவிட்டு, "சிலருடைய பலவீனத்தினிமித்தம்" தனித்தனியாகக் கூடலாம் என்று வாசலைத் திறந்துவிட்டார்கள். யாருடைய பலவீனம்? கறுப்பரோடு ஒரே திருவிருந்தில் உட்கார மனசு வராத வெள்ளையருடைய பலவீனம். 1948-ல் நிறவெறி அரசு வந்தபோது அதற்கு வேத ஆதாரம் தேடிக் கொடுக்க அந்தச் சபையிலேயே ஆள் இருந்தார்கள்.

"அப்போ எப்படித்தான் பேசச் சொல்கிறாய்?" என்பீர்கள். மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடோரில் பேராயர் ஆஸ்கர் ரொமேரோ பேசிய விதத்தைப் பாருங்கள். 1977-ல் அவரைப் பேராயராக்கியபோது வம்பு பண்ணாத ஆள் என்றுதான் பலரும் நினைத்தார்கள். அவர் ஒவ்வொரு ஞாயிறும் மறையுரையில், அந்த வாரம் கொல்லப்பட்டவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்கள் பற்றிய விவரத்தை வாசித்தார், வானொலியில் நாடே கேட்டது. எந்தக் கட்சிக்கும் ஓட்டுக் கேட்கவில்லை. அரசுப் படையின் கொலைகளைச் சொன்ன அதே வாய் கெரில்லாக்களின் வன்முறையையும் கண்டித்தது. 1980 மார்ச் 23 அன்று, அடக்குமுறையை நிறுத்துங்கள் என்று ராணுவ வீரர்களிடமே நேரடியாகச் சொன்னார், மறுநாள் திருப்பலியில் இருக்கும்போதே சுட்டுக் கொன்றார்கள். 2018-ல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். அத்தனை பேரும் சாகச் சொல்லவில்லை ஐயா, பயப்படாதீர்கள். என்ன நடந்தது, யாருக்கு நடந்தது என்று பீடத்தில் நின்று சொல்ல முடிகிறதா என்றுதான் கேட்கிறேன்.

ரோமர் 13-ம் வெளிப்படுத்தல் 13-ம் ஒரே வேதாகமத்தில்தான் இருக்கின்றன. ஒன்றில் அதிகாரி தேவனுடைய ஊழியக்காரன், இன்னொன்றில் அதே ரோம சாம்ராஜ்யம் சமுத்திரத்திலிருந்து ஏறி வரும் மிருகம். நமக்கு வேண்டிய கட்சி ஆண்டால் ரோமர், வேண்டாத கட்சி ஆண்டால் வெளிப்படுத்தல் என்று நீங்கள் மாற்றி மாற்றி எடுப்பதைப் பின்வரிசையில் இருக்கிற பிள்ளைகள்கூடக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

நாம் சிறுபான்மையாக இருக்கிற இடங்களில், பாதுகாப்பு வேண்டுமே, அதனால்தான் அனுசரித்துப் போகிறோம் என்கிறீர்கள். நாம் பெரும்பான்மையாக இருக்கிற நாடுகளில், இது கிறிஸ்தவ தேசம், ஆட்சி நம் கையில்தான் இருக்க வேண்டும் என்கிறார்கள் அங்குள்ளவர்கள். பயத்தில் பேசினாலும் திமிரில் பேசினாலும் முடிவில் ஒரு தலைவரிடம் போய், எங்கள் ஓட்டு மொத்தமும் உங்களுக்கு என்று நிற்பது ஒன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் ஓட்டு உங்கள் கையில் எப்போது வந்தது? காணிக்கைப் பையில் நாங்கள் அதைப் போட்டதாக ஞாபகம் இல்லை. சபையில் எனக்கு அடுத்து உட்காருகிறவர் நான் வெறுக்கிற கட்சிக்குப் போடுவார், போடட்டும், நாங்கள் இரண்டு பேரும் ஒரே அப்பத்தில் பங்கு பெறுகிறோம். நீங்கள் ஒரு வேட்பாளரை மேடையேற்றினால் எங்களில் ஒருவரை ஆலயத்துக்கு வெளியே நிறுத்துகிறீர்கள்.

சரி, கேட்பதைக் கேட்டுவிடுகிறேன். அடுத்த தேர்தலில் வேட்பாளர் வருகிறேன் என்றால் தாராளமாக வரட்டும், யாரையும் எழுப்பாமல் காலியான இடத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாடி, பிரசங்கம் கேட்டு, வீட்டுக்குப் போகட்டும். அதிகாரத்தில் இருக்கிற யாவருக்காகவும் விண்ணப்பம் பண்ணச் சொல்லி 1 தீமோத்தேயு 2-ல் பவுல் எழுதியிருக்கிறார். அதைப் பண்ண அவர்கள் நேரில் வரவும் வேண்டாம், கேமராவும் வேண்டாம்.

அப்புறம் முக்கியமானது. கடந்த ஐந்து வருஷத்தில் நம் சபை நிர்வாகம் அரசாங்கத்துக்கும் தலைவர்களுக்கும் எழுதிய கடிதங்களையும் மனுக்களையும் அடுத்த பொதுக்கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். எதையும் விடாமல், தேதியோடு. நம் சொத்துக்காக எழுதியது எத்தனை, நம் சபைக்காரர் அல்லாத ஒருவருக்கு நடந்த அநியாயத்துக்காக எழுதியது எத்தனை என்று எண்ணிக்கொள்ள நாங்கள் நோட்டோடு வருகிறோம். கூட்டத்துக்குத் தேதி குறித்து அறிவியுங்கள்.

கிறிஸ்துவுக்குள்,
பின்வரிசையில் உட்காரும் ஒரு சபை அங்கத்தினர்