துபாய் வீட்டின் 7 சதவீதம் யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘துபாயில் வீடு வாங்குங்கள், ஆண்டுக்கு 7 சதவீத வாடகை, வரியே கிடையாது’ என்ற விளம்பரம் ஞாயிறு இணைப்புகளில் தொடர்ந்து வருகிறது. வாடகையை விலையால் வகுத்தால் அந்த எண் வரத்தான் செய்யும். ஆனால் தமிழ்நாட்டில் வசித்துக்கொண்டு வாங்குகிறவர் கையில் அதில் பாதிகூட நிற்காது.

750 சதுர அடி, ஒரு படுக்கையறை, விலை 10 லட்சம் திர்ஹம், வாடகை 70,000 என்று வைத்துக்கொள்வோம். துபாய் நிலத்துறையின் பதிவுக் கட்டணம் 4 சதவீதம், தரகு 2 சதவீதம், தரகின் மேல் வாட் வரி, சில்லறைச் செலவு என்று அடக்க விலையே 10.65 லட்சம் ஆகிவிடும். அடுத்தது சர்வீஸ் சார்ஜ், அதாவது கட்டடத்தின் பொதுப் பராமரிப்புக் கட்டணம். சதுர அடிக்கு 18 திர்ஹம் என்றால் ஆண்டுக்கு 13,500. வீடு காலியாகக் கிடந்தாலும் கட்டியாக வேண்டும். வாடகை வசூலித்துப் பராமரிக்கும் ஏஜென்சிக்கு 3,500, ஒரு மாதம் காலியாக இருப்பதற்கு 5,833, ஏ.சி., பெயின்ட் வேலைக்கு 2,000. மிச்சம் 45,167, அடக்க விலையில் 4.2 சதவீதம்.

‘வரி கிடையாது’ என்பது துபாய் அரசு கேட்பதில்லை என்ற அளவில் சரி. இந்தியாவில் குடியிருப்பவர் எந்த நாட்டில் வாடகை வாங்கினாலும் இங்கே கணக்குக் காட்ட வேண்டும். கைக்கு வந்த வாடகையில் 30 சதவீதம் நிலையான கழிவாகக் கிடைக்கும். சர்வீஸ் சார்ஜைத் தனியாகக் கழிக்க முடியாது. 30 சதவீத வரி அடுக்கில் இருப்பவர் செஸ்ஸையும் சேர்த்துக் கட்டுவது ஏறத்தாழ 14,000 திர்ஹம். கடைசியில் தேறுவது 3 சதவீதத்துக்கும் கீழே. நம் ஊர் வங்கி வைப்புநிதியோடு இதை ஒப்பிடும்போது ஒன்றை மறுக்கக் கூடாது: திர்ஹம் டாலரோடு கட்டப்பட்டது, 2014 நடுவில் 60 ரூபாயாக இருந்த டாலர் 2024 இறுதியில் 85ஐத் தாண்டியது. ரூபாய் சரிந்ததிலேயே ஆண்டுக்கு 3 சதவீதத்துக்குச் சற்று மேல் கிடைத்தது. உண்மையில் இந்த முதலீட்டின் பெரிய வலு அதுதான். விளம்பரக்காரர்கள் ஏனோ அதைச் சொல்வதில்லை.

வீட்டு விலை ஏறிக்கொண்டே போகும் என்பதற்கோ ஆதாரம் இல்லை. 2008-09ல் துபாய் விலைகள் ஏறக்குறைய பாதியாகின. 2014 உச்சத்துக்குப் பிறகு 2020 வரை இறங்குமுகம்தான். ஆகவே கட்டுமான நிறுவனம் நீட்டும் விலைப் பட்டியலை விட்டுவிட்டு, அதே பகுதியில் கட்டி முடித்த வீடுகள் மறுவிற்பனையில் சதுர அடி என்ன விலைக்குப் பதிவாகின்றன என்று பாருங்கள்; நிலத்துறையே இந்த விவரங்களை வெளியிடுகிறது. ‘ஆஃப் பிளான்’ விலை, அதாவது கட்டி முடிக்கும் முன்பே விற்கும் வீட்டின் விலை, அதைவிட மிக அதிகமாக இருந்தால், நாளைய விலை ஏற்றத்தை இன்றே விற்கிறார்கள் என்று பொருள். அந்தப் பகுதியில் இன்னும் எத்தனை கட்டடங்கள் எழும்புகின்றன என்பதையும் பாருங்கள். ஜுமேரா வில்லேஜ் சர்க்கிள் போன்ற இடங்களில் வாடகையைத் தீர்மானிப்பது அதுதான்.

பணம் அனுப்புவதில்தான் பலர் சிக்குகிறார்கள். இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர்தான் அனுப்பலாம், அது 9.18 லட்சம் திர்ஹம். மேற்சொன்ன வீட்டுக்கே போதாது. தம்பதியர் கூட்டாக வாங்கினால் அவரவர் கணக்கிலிருந்து அனுப்ப வேண்டும், பத்திரத்தில் இருவர் பெயரும் இருக்க வேண்டும். ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் டி.சி.எஸ். (முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடிக்கும். 60 லட்சம் அனுப்பினால் கூடுதலாக 10 லட்சம் வேண்டும். அது வருமான வரியில் கழியும் என்றாலும், அதுவரை முடங்கிய பணம். வீட்டு விற்பனைக் கண்காட்சி மேஜையில் முன்பணத்துக்கு கிரெடிட் கார்டைத் தேய்க்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். வெளிநாட்டுச் சொத்து வாங்க அது அனுமதிக்கப்பட்ட வழியல்ல. வங்கியில் ஏ2 படிவம் கொடுத்து, அந்தக் கட்டடத் திட்டத்துக்கென்றே உள்ள எஸ்க்ரோ கணக்குக்கு (வாங்குவோர் பணத்தைப் பாதுகாக்கும் தனி வங்கிக் கணக்கு) மட்டும் அனுப்புங்கள். தரகர் கணக்குக்கு ஒரு ரூபாயும் வேண்டாம்.

‘ஆஃப் பிளான்’ வீட்டுக்குக் கட்டும் தவணை நின்றுபோனால் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. துபாய் சட்டப்படி, நிலத்துறை வழியாக 30 நாள் நோட்டீஸ் கொடுத்த பிறகு கட்டுமான நிறுவனம் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். வேலை தொடங்கி 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வீட்டு விலையில் 25 சதவீதம் வரை, அதற்கு மேல் என்றால் 40 சதவீதம் வரை அது வைத்துக்கொள்ளலாம். கட்டிய தொகையில் அல்ல, மொத்த விலையில். 20 சதவீதம் கட்டிவிட்டு நின்றவருக்குத் திரும்பி வர எதுவும் இருக்காது.

வாங்கிய பின், வாடகை வந்தாலும் வராவிட்டாலும் வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துப் பகுதியை நிரப்ப வேண்டும். விட்டுவிட்டால் கருப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம். 20 லட்சத்துக்கு உட்பட்ட வெளிநாட்டுச் சொத்துகளுக்கு 2024ல் கொடுத்த சலுகை வீடு, நிலத்துக்குப் பொருந்தாது.

வெளிநாட்டு வீடுகள் பற்றித் தங்கள் இணைப்பில் எழுதும்போது, விற்பவர் தரும் வாடகைச் சதவீதத்துக்குப் பக்கத்தில் செலவும் வரியும் போன நிகரச் சதவீதத்தையும் அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வரி ஆலோசகர் ஒருவர், கோவை